ஸ்டிக்கரின் கடைசி வரி

என் அண்ணன் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதைக் கேட்டால், கூடப்பிறந்தவளா இவள் என்று உங்களுக்குத் தோன்றும். கூடப்பிறந்ததால்தான் சொல்கிறேன். மற்றவர்களுக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் இருக்காது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே கடையில் வேலை பார்க்கிறோம். சீப்பிலிருந்து சூட்கேஸ் வரை வீட்டுக்கு வேண்டிய எல்லாம் விற்கிற பெரிய கடை. கீழ்த்தளத்தில் வாளி, கூடை, பாத்திரம் என் பொறுப்பு. மாடிப்படி திரும்புகிற இடத்தில், கையை நீட்டினால் இரண்டு சுவரும் இடிக்கிற மாதிரி ஓர் அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்டிக்கர் பிரிண்டர், சுருள் சுருளாக வெள்ளை ஸ்டிக்கர், நடுவில் என் அண்ணன். கடையில் விற்கிற ஒவ்வொரு பொருளுக்கும் பேர், விலை, அந்தக் கறுப்புக் கோடுகள் எல்லாம் எந்த இடத்தில் எந்த அளவில் வர வேண்டும் என்று அமைத்துக் கொடுப்பது அவர் வேலை. கடை முழுக்க அவருக்குப் பேர் 'ஸ்டிக்கர் சார்'.

"ஸ்டிக்கர்தானே, விலையைப் போட்டு ஒட்டினா முடிஞ்சுது. இதுல என்ன பெரிய வேலை?" என்று ஒரு தடவை தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். அன்றைக்குச் சாப்பிட்ட கை காய்கிற வரை பேசினார். சீப்புக்கான ஸ்டிக்கர் குச்சி மாதிரி மெலிந்திருக்க வேண்டுமாம். உருண்டைப் புட்டிக்குக் கோடுகளைப் படுக்கப்போட்டு ஏணிப்படி மாதிரி அடிக்க வேண்டுமாம். நிற்கவைத்து அடித்தால் வளைவில் பாதிக் கோடு பின்னால் போய் ஒளிந்துகொள்ளுமாம். கோடுகளுக்கு இரண்டு பக்கமும் கட்டாயம் வெள்ளை இடம் விட வேண்டுமாம், இல்லாவிட்டால் கவுன்ட்டர் மெஷினுக்கு அது எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று தெரியாதாம். தொழில் பேச்சு என்றால் மனிதருக்கு வாய் ஓயாது. வேறு எதைப் பற்றியாவது கேட்டுப் பாருங்கள். "ம்", "சரி", "பார்க்கலாம்". இந்த மூன்றை வைத்தே இத்தனை வருஷம் காலத்தை ஓட்டிவிட்டார். கல்யாணப் பேச்சு எடுத்தால் மூன்றாவதுதான் வரும்.

கோடுகளுக்கு விடுகிற வெள்ளை இடத்தைத் தனக்கும் விட்டுக்கொண்டார் என்று வையுங்கள். பஸ்ஸில்கூடப் பக்கத்து இருக்கை காலியாக இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் உட்காருவார். யாராவது வந்து உட்கார்ந்தால் எழுந்து நின்றுகொள்வார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஓர் அமைப்பு செய்து, அதற்கு ஒரு பேர் வைத்துக் கம்ப்யூட்டரில் சேமித்திருப்பார். 'சீப்பு', 'புட்டி', 'துணி' என்று. எதற்கும் பொருந்துகிற மாதிரி 'பொது' என்று ஒன்று. கடையில் பெரும்பாலான சரக்குக்கு அதுதான். காலையில் சரக்கு இறக்குகிற ஆட்கள் நேராக வந்து 'பொது'வைத் திறந்து, வேண்டியதை அடித்துக்கொண்டு போவார்கள். அதனால் சுவரில் அண்ணன் ஓர் எச்சரிக்கை ஒட்டியிருந்தார்: 'பழைய அமைப்பில் கை வைத்தால் வேறு பேரில் சேமிக்கவும்.' யாராவது மறந்துபோனால் அன்றைக்கு அவருக்கு மூக்கு மேல் கோபம் வரும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பில் அக்கா. வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிற முதல் கவுன்ட்டர் அவருடையது. அண்ணன் வயதுதான் இருக்கும். எப்போதோ கல்யாணமாகி, ஒத்துவராமல், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து தனியாக இருப்பவர். கை வேகம், வாய் அதைவிட வேகம். கண் மட்டும் கொஞ்ச வருஷமாகக் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. கண்ணாடி வாங்கிக் கைப்பையில் வைத்திருக்கிறார். போடத்தான் மாட்டார். போட்டால் வயசான மாதிரி தெரியுமாம். ஸ்டிக்கரைக் கையை நீட்டிப் பிடித்து, கழுத்தைப் பின்னால் இழுத்து, கோழி மாதிரி ஒரு பார்வை பார்ப்பார். அதைச் சொல்லிக் கிண்டல் செய்கிற தைரியம் எனக்கே கிடையாது.

கவுன்ட்டரில் ஒரு வழக்கம் உண்டு. மெஷின் படிக்காத ஸ்டிக்கர், தப்பாக அடித்த ஸ்டிக்கர் எல்லாவற்றையும் உரித்து ஓர் அட்டைத் துண்டில் ஒட்டி, பக்கத்திலேயே சிவப்புப் பேனாவில் காரணம் எழுதி, சாயங்காலம் மேலே அனுப்ப வேண்டும். மற்ற கவுன்ட்டரில் சும்மா ஒட்டி அனுப்பிவிடுவார்கள். பில் அக்கா விடுவாரா? 'கோணல்.' 'மை மங்கல்.' 'விலை எங்கே, ஊருக்குப் போயிருக்கா?' 'எழுத்து சின்னது.' 'எறும்புக்கா எழுதினீங்க?' இப்படியே போகும்.

அதற்குப் பதில் என்ன தெரியுமா? நான் வாளி ஸ்டிக்கரைக் கொஞ்சம் மேலே தள்ளச் சொன்னால் ஆயிரம் சட்டம் பேசுகிற மனிதர், பில் அக்கா 'எழுத்து சின்னது' என்று எழுதி அனுப்பினால் போதும், மறுநாளே எழுத்து வளர்ந்திருக்கும். வளர்ந்து வளர்ந்து கடைசியில் பேர் ஸ்டிக்கருக்குள் அடங்காமல் அறுந்து விழ ஆரம்பித்தது. 'துணி துவைக்கும் தூ' என்று ஒன்று. 'கொசு விரட்' என்று ஒன்று. ஒரு பெரியவர் அந்தக் 'கொசு விரட்'டைக் கையில் வைத்துக்கொண்டு, "மீதியை நாங்களே விரட்டிக்கணுமா?" என்று என்னிடம் கேட்டார். நான் என்ன சொல்ல? என் அண்ணனுக்கு ஒருத்தரைப் பிடித்திருக்கிறது, அதனால் உங்கள் கொசுவிரட்டி அறுந்துவிட்டது என்றா சொல்ல முடியும்?

ஆமாம், பிடித்திருந்தது. அந்த அட்டைத் துண்டுகளை அவர் தூக்கிப் போடுவதே இல்லை. ஒரு நாள் அறையைப் பெருக்கப் போனபோது பார்த்தேன், அலமாரியில் அடுக்கி, மேலே தூசி படியாமல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். 'கோணல்', 'மங்கல்', 'எறும்பு'. இதையா ஒரு மனிதர் பத்திரப்படுத்துவார்? தலையில் அடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் மதியம், சாப்பிடுகிற அறையில் பில் அக்கா சாதாரணமாகச் சொன்னார். "தங்கச்சி இருக்கிற ஊர்ல ஒரு கடையில வேலைக்குச் சொல்லி வச்சிருக்கா. இந்த மாசத்தோட இங்க முடிச்சுக்கறேன். இங்க எனக்குன்னு யார் இருக்கா, சொல்லு?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் டிபன் பாக்ஸ் மூடியை மூடினார். திறந்தார். திரும்ப மூடினார். மேஜைக்கு அடியில் அவர் காலை ஒரு மிதி மிதித்தேன்.

"சரி" என்றார் அண்ணன்.

சரியாம் சரி! வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "அண்ணா, போக வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

"எதுக்குச் சொல்லணும்?"

"எதுக்கா? கடையில எலி பிடிக்கிற பூனைக்குக்கூடத் தெரியும் எதுக்குன்னு!"

அவர் கொஞ்ச நேரம் தன் விரல்நுனியில் ஒட்டியிருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "அவங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்லாம இருந்தா? நான் கேட்டப்புறம் அந்த அட்டையில அவங்க எப்படி எழுதுவாங்க? வெறுமனே ஒட்டித்தான் அனுப்புவாங்க."

எனக்கு நிஜமாகவே பாவமாகிவிட்டது. அவ்வளவு பெரிய ஆளுக்கு வாழ்க்கையில் வந்துகொண்டிருந்தது அந்த ஓர் அட்டைதான். அதையும் கேட்டுக் கெடுத்துக்கொள்ளப் பயம். ஆனாலும் விட முடியுமா? "அவங்க ஊருக்குப் போயிட்டா அட்டை மட்டும் இங்க தினமும் நடந்து வருமா?" என்றேன்.

"பார்க்கலாம்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குச் சோற்றில் உப்பே போடவில்லை. பாவம், என் வீட்டுக்காரரும் சேர்ந்து அதைச் சாப்பிட்டார்.

மாதக் கடைசி நெருங்கியது. பில் அக்கா மாடிப்படி ஏறி அந்த அறைக்கே போய்க் கேட்டார்: "ஸ்டிக்கர் சார், வீட்டுச் சாமானெல்லாம் பெட்டியில கட்டணும். எதுல என்ன இருக்குன்னு தெரியற மாதிரி ஸ்டிக்கர் அடிச்சுத் தர்றீங்களா? எழுத்து மட்டும் பெருசா."

போகிறவரை வழியனுப்புகிற ஸ்டிக்கரை இவரே அடிக்க வேண்டும். இவரும் "சரி" என்றார். வேறென்ன சொல்வார்?

கடை மூடுகிற நேரத்தில் உட்கார்ந்து அதைச் செய்தார். நான் வீட்டுக்குப் போகக் காத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். 'பாத்திரம்', 'துணி', 'படுக்கை' என்று பெரிய பெரிய எழுத்தில் வந்து விழுந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தன. உள்ளே நடந்தது எனக்கு அப்போது தெரியாது, பிறகுதான் தெரிந்தது. மனிதர் 'பொது'வைத் திறந்து, முதல் வேலையாக, ஸ்டிக்கரின் அடியில், அந்தப் பிரிண்டரால் அடிக்க முடிந்த மிகச் சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'போகாதீங்க.' பதற்றத்தில் அப்படியே சேமித்துவிட்டார், அதே பேரில். அப்புறம் விலையை எடுத்து, கோடுகளை எடுத்து, பேரின் எழுத்தை மட்டும் பெருக்கி, பெட்டி அமைப்பை ஒழுங்காக வேறு பேரில் சேமித்திருக்கிறார். சுவரில் இருந்த எச்சரிக்கை அவர் தலைக்கு மேலேயே இருந்தது.

மறுநாள் காலை பில் அக்கா உள்ளே வரும்போது அண்ணன் படியில் நின்றுகொண்டிருந்தார். சவரம் செய்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அப்போதே எனக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும்.

"எல்லாப் பெட்டியிலயும் ஒட்டிட்டேன் சார். ரொம்ப நல்லா இருக்கு, நன்றி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அவர் கவுன்ட்டருக்குப் போய்விட்டார். அண்ணன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. படித்துவிட்டு நன்றி சொல்லிவிட்டார், அவ்வளவுதான் பதில் என்று நினைத்துக்கொண்டாராம். மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர், சரக்கு ஆட்கள் வந்து 'பொது'வில் கட்டுக்கட்டாக அடித்துக்கொண்டு போனபோதும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

நான் வாளிகளுக்கு ஒட்டும்போதுதான் கவனித்தேன். அடியில் ஏதோ வரி. தயாரித்த இடமோ என்னமோ என்று கிட்டத்தில் பார்த்தால், 'போகாதீங்க.' அட கடவுளே! அடுத்த வாளி, 'போகாதீங்க.' கூடை, 'போகாதீங்க.' குப்பைத்தொட்டி, 'போகாதீங்க.' எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் சிரிப்பு மட்டும் நன்றாக வந்தது.

"என்னம்மா, சும்மா விலை பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன், வாளியே கையைப் பிடிச்சு இழுக்குது?" என்றார் ஒருவர். அந்தப் பக்கம் சூட்கேஸ் பிரிவில் ஒரே களேபரம். வெளியூர் வேலைக்குப் போகிற மகனுக்குப் பெட்டி வாங்க வந்த அம்மா, ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, "பாருடா, பெட்டிக்கே பொறுக்கலை!" என்று உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். மகன் பெட்டியை வைத்துவிட்டு, அம்மாவைச் சமாதானப்படுத்த ஒரு பிளாஸ்க்கை எடுத்துக் கொடுத்தான். அதிலும் அதே வரி. அந்த அம்மா இன்னும் உரக்க அழுதார்.

மதியத்துக்குள் கடை முழுக்கத் தெரிந்துவிட்டது, இது யாருடைய வேலை, யாருக்காக என்று. ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு சாக்கில் வந்து முதல் கவுன்ட்டரை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லாரும் படித்துவிட்டார்கள், படிக்க வேண்டிய ஒருவரைத் தவிர. பில் அக்கா பாட்டுக்கு எடுப்பதும் மெஷினுக்குக் கோடுகளைக் காட்டுவதும் பையில் போடுவதுமாக இருந்தார். அந்த வரி அவர் விரலுக்கு அடியிலேயே போய்க்கொண்டிருந்தது.

மெதுவாகப் போய்க் கேட்டேன். "அக்கா, இன்னைக்கு ஸ்டிக்கர்ல ஏதாவது வித்தியாசமா தெரியுதா?"

"தெரியாம என்ன? கீழ ஒரே அழுக்கு. பிரிண்டர்ல தூசி அடைஞ்சிருக்கு. உங்க அண்ணன்கிட்ட துடைக்கச் சொல்லு" என்றார். சொன்னதோடு விட்டாரா? அட்டைத் துண்டில் ஒன்றை ஒட்டி, சிவப்புப் பேனாவில் 'அழுக்கு' என்று எழுதியே வைத்துவிட்டார்.

எனக்குப் புரிந்துபோனது. நேற்று அந்தப் பெட்டி ஸ்டிக்கரிலும் இவர் அதைப் படிக்கவே இல்லை! ஊருக்கே கேட்கிற மாதிரி எழுத்தைப் பெரிதாக்கிய மனிதர், சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் இவர் கண்ணுக்கே தெரியாத அளவில் சொல்லியிருக்கிறார். நாக்கு நுனி வரை வந்தது எனக்கு. ஆனால் இது நான் சொல்ல வேண்டியதில்லை என்று மென்று முழுங்கிவிட்டு, அண்ணனை இழுத்துக்கொண்டு வரத் திரும்பினேன். அதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

எங்கள் முதலாளிக்கு ஒரு குணம். கடையில் நல்லது எது நடந்தாலும் அதை அவர்தான் முதலில் நினைத்திருப்பார். ஜனங்கள் பொருளைத் திருப்பித் திருப்பிப் படித்துச் சிரிப்பதைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "ஸ்டிக்கர்! கீழ வா!" என்று படிக்கட்டைப் பார்த்துக் கத்தினார்.

அண்ணன் வந்தார். முதலாளி ஒரு வாளியைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே காட்டினார். பார்த்தவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு வாளி, அடுத்த வாளி, அதற்குப் பின்னால் மலை மாதிரி வாளி.

"பிரமாதம்யா! வாடிக்கையாளரைப் போகாதீங்கன்னு நம்ம கடையே கெஞ்சுது. நான் மனசுல நினைச்சேன், நீ பண்ணிட்டே! ஆனா எதுக்கு இப்படிக் கூனிக் குறுகி எழுதியிருக்கே? பெருசா போடு. வாசல்லயும் ஒண்ணு போடு."

"முடியாதுங்க" என்றார் அண்ணன்.

முதலாளியிடம் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "என்னது?"

"அது கடைக்கு எழுதினது இல்லீங்க. ஒருத்தருக்கு எழுதினது."

எத்தனை தலை இருந்ததோ அத்தனையும் முதல் கவுன்ட்டர் பக்கம் திரும்பியது. வரிசையில் நின்றவர்கள்கூட.

"எல்லாரும் எதுக்கு என்னைப் பார்க்கறீங்க?" என்றார் பில் அக்கா. "அந்த அழுக்கா?" அட்டையை எடுத்தார். கையை நீட்டிப் பிடித்து, கழுத்தை இழுத்துப் பார்த்தார். தெரியவில்லை. அப்போது அவர் குனிந்து கைப்பையைத் திறந்தார். உறையை எடுத்தார். எல்லார் முன்னாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் முகத்துக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

ஒரே ஒரு வார்த்தை. அதைப் படிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. அப்புறம் சிவப்புப் பேனாவை எடுத்து 'அழுக்கு' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் ஏதோ எழுதி, என்னிடம் நீட்டினார். "கொடு." அண்ணன் கை எட்டுகிற தூரத்தில்தான் நின்றார். ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே. வாங்கிக் கொடுத்தேன்.

'எழுத்து சின்னது' என்று எழுதியிருந்தது.

அண்ணன் அதைப் பார்த்தார். அவ்வளவுதான், இரண்டு இரண்டு படியாகத் தாண்டி மேலே ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிரிண்டர் சத்தம் கேட்டது. இருந்ததிலேயே அகலமான ஸ்டிக்கரோடு மூச்சிரைக்க இறங்கி வந்து கவுன்ட்டரில் வைத்தார். அவசரத்தில் எழுத்தை எவ்வளவு பெருக்கினாரோ, 'போகாதீங்' என்பதோடு அறுந்து நின்றது.

பில் அக்கா கண்ணாடியைக் கழற்றினார். மடக்கி உறைக்குள் போட்டார். "எனக்குத் தெரியலை சார். கடைசி எழுத்து வேற காணோம். நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். வரிசையில் வாளியோடு நின்றவரைப் பார்த்தார். ஒருவரும் உதவிக்கு வரவில்லை. நான் மனதுக்குள், சொல்லித் தொலையேன், சொல்லித் தொலையேன் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"போகாதீங்க" என்றார். குரல் பாதியில் உடைந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பவும் சொன்னார், இந்தத் தடவை கடைசி எழுத்து வரைக்கும். "போகாதீங்க."

"சரி" என்றார் பில் அக்கா. "அடுத்து யாரு? வாளியை இப்படி வைங்க."

பெட்டிகள் கிளம்பத்தான் கிளம்பின. கட்டி, ஸ்டிக்கரும் ஒட்டிய பிறகு சும்மா இருக்க வேண்டாமே என்று, கொஞ்ச நாள் கழித்து, அண்ணன் குடியிருக்கிற எங்கள் வீட்டு மாடிக்கு வந்து இறங்கின. நானே நின்று இறக்கினேன். சுவரில் இருந்த அண்ணனின் எச்சரிக்கைக்குக் கீழே என் பங்குக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன்: 'ஒரு தடவை மறந்தால் தப்பில்லை.' அவர் அதை இன்னும் கிழிக்கவில்லை.

அந்த வரியை மட்டும் 'பொது'விலிருந்து அன்றைக்கே எடுத்துவிட்டார். முதலாளிக்கு ஒரே வருத்தம். மறுநாள் புது வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேலே போய், "நல்லா இருந்ததேய்யா, ஏன் எடுத்தே?" என்று சண்டைக்கு நின்றார்.

அண்ணன் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "அவங்க படிச்சுட்டாங்க, முதலாளி."